காக்கா கொண்டுவந்த ஒப்பந்தம்

புதன்கிழமை, இஷாத் தொழுகைக்குப் பிறகு.

இன்று அசர் தொழுதுவிட்டு, என் உடன்பிறந்த மூத்தவர் காக்கா இங்கிலீஷில் அச்சடித்த ஒப்பந்தத்தோடு வந்தார். சாகாமத்தில் வாப்பா என் பெயருக்கு எழுதித் தந்த மேட்டுக் காணியை ஒரு சோலார் கம்பனி நீண்ட குத்தகைக்குக் கேட்கிறது. "நம்மட ஊருக்குத்தான் தங்கச்சி கரண்ட். இனிக் கல்முனையில கரண்ட் கட் இரிக்காது" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் நானும் ஓம் என்றிருந்தேன்.

பேனையை எடுத்து நீட்டினார்.

"வாசிச்சிட்டு ஒப்பம் வைக்கிறன் காக்கா."

"வாசிக்க என்ன இரிக்கி? நான்தானே கொண்டு வந்திரிக்கன்."

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவள் நான், வாசிக்காமல் விடுவேனா? அங்கே உண்டாகும் மின்சாரம் முழுவதும் அயல் நாட்டுக்கு ஏற்றுமதி செய்யவே என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. வாய் திறக்காமல் அந்த வரியை மறுபடியும் வாசித்தேன்.

காக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடலுக்குள்ளால வயர் போட்டுக் கரண்ட் இந்தியாவுக்குப் போனா நமக்கென்ன புள்ள?" என்றார்.

நான் இன்னும் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. காக்காவுக்கு இங்கிலீஷ் வாசிக்கவும் தெரியாது.

ஒப்பம் வைக்காமல் கடதாசிகளை வாங்கி வைத்துக்கொண்டேன். தேத்தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார்.

மின்சாரம் இந்தியாவுக்குப் போவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஓம் என்றிருப்பேன். முதலிலேயே தெரிந்திருந்தும் ஏன் மறைத்தார்? இன்னும் ஆறு பக்கம் இருக்கிறது. அவற்றை வாசிக்கத்தான் பயமாக இருக்கிறது.