வார்த்தைக்கு வரப்பு போட்டது

3-8-70, திங்கள்
வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. காரைக்காலில் ஒளிந்து குடித்த பாட்டில்களின் லேபிளை எழுத்துக் கூட்டியதுதான் மொத்தப் படிப்பு. அந்தத் தைரியத்தில் "பிரெஞ்சா? அத்துப்படி" என்று அச்சக முதலாளி சாரங்கபாணியிடம் அளந்துவிட்டு, புரூப் பார்க்கும் வேலையில் சேர்ந்து ஏழு வருஷம். இன்றைக்கு வந்தது வினை. காரைக்கால் டாக்டர் மூஸா, யானைக்கால் நோய் பற்றிப் பிரெஞ்சுப் புத்தகம் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார்.

6-8-70
டாக்டர் புரூப்பைப் பார்த்துக் குதித்தார். எழுத்துக் கோக்கும் கம்பாஸிட்டர் மருதையன், தமிழுக்குச் செய்கிற மாதிரியே, வரி நிறைந்த இடத்தில் வார்த்தையை வெட்டி மிச்சத்தை அடுத்த வரியில் தள்ளியிருக்கிறார். கோடுமில்லை, கீடுமில்லை.

"அசை பார்த்துப் பிரிச்சு, சின்னக் கோடு போடணுங்க! அடுத்த வெள்ளிக்குள்ள சரியா வரலேன்னா பாண்டிச்சேரிக்குக் கொண்டு போயிடுவேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். "பஞ்சநதம், இது போச்சுன்னா நீங்களும் கூடவே போயிடலாம்."

மருதையனுக்குச் சிரிப்பு. நாளைக்குச் சங்கத்தோடு மிராசுதார் வயலில் கொடி நடப் போகிறவர். "நிலத்தைப் பிரிச்சுக் குடுங்கன்னு தொண்டை கிழியக் கத்தறோம், ஒருத்தரும் கேக்கல. ஒரு வார்த்தையைப் பிரிக்க இத்தனை பேரா சார்?"

9-8-70
முகவாய்க்குக் கீழே கை வைத்துப் படித்தால் தாடை இறங்கும்போதெல்லாம் ஓர் அசை — என் சொந்தக் கண்டுபிடிப்பு. செவ்வந்தி கிராம்புத் தைலத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். கட்டிய பெண்டாட்டிக்கே பல்வலியாகத் தெரிகிற பிரெஞ்சு!

11-8-70
காரைக்கால். ரெங்கம்மாள் — பிரெஞ்சுப் பட்டாளத்துப் புருஷனோடு சைகோனில் பதினாறு வருஷம் இருந்தவர், பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவர். காலில் விழாத குறை.

"வாசிச்சாப் போதுமா தம்பி? இதுக்கா இந்த அழுகை?"

'அனா... தோமோ... பாத்தோ... லோழிக்.' அத்தனையும் ஒரே வார்த்தை! நிறுத்திய இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு கிழித்தேன். நாற்பத்திரண்டு பக்கம்! என்ன நிதானம், என்ன இலக்கண சுத்தம்!

13-8-70
வயலில் கொடி நட்டதற்காகப் பிடித்துப்போன மருதையனை நேற்றுத்தான் போலீஸ் விட்டது. கோடுகளைக் கோத்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு நாப்பத்திரண்டு பக்கத்துக்கு வரப்பு போட்டாச்சு. எனக்கு ஒரு குழி நிலம் கிடைக்கல."

14-8-70
டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"பிரமாதம்! எங்க படிச்சீங்க?"

"காரைக்கால்லதான் சார். தனியா."

வேலை தப்பியது. முதலாளி கையால் ஸ்பெஷல் காப்பி.

29-8-70
அச்சான பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு ரெங்கம்மாள் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. மகள் அம்சம்தான் வந்தாள்.

"அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. பயப்படாதீங்க, பழைய இழுப்புதான். ரெண்டு எழுத்துக்கு ஒருவாட்டி நின்னு மூச்சு வாங்குவாங்களே, நீங்க பாக்கலையா?"