வேரோனிக்காவுக்கு வைத்த விருந்து

இயேசு மரி சூசை துணை

வோபர்ன், ஸ்காபரோ
23.04.1995

அன்புள்ள பெறாமகள் ஜெசிந்தாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் சின்னம்மாவும் நானும் கல்லுப்போல இருக்கிறோம், ஜேர்மனிக் குளிரில் நீயும் தடிமன் இருமல் இல்லாமல் இருக்க மாதாவைக் கேட்கிறோம். உன் கடிதமும் படமும் கிடைத்தன, நல்லாய் மெலிந்துவிட்டாய். இங்கே எல்லாம் நன்மையே, தொழிற்சாலையில் என்னைக் கேட்காமல் முதலாளி ஓர் ஆணியும் அடிப்பதில்லை, கோயிலில் என் பாட்டைக் கேட்டுச் சுவாமியார் பூசையையே நிறுத்திவிட்டார், அவர் தும்மத்தான் நிறுத்தினவர் என்கிறாள் சின்னம்மா, அவளுக்கு எரிச்சல்.

உயிர்த்த ஞாயிறன்று பக்கத்து வீட்டு வேரோனிக்காவை விருந்துக்கு அழைத்தோம். போலந்துக்காரி, எழுபது தாண்டியவர், தனியாக இருக்கிறார். சின்னம்மா கால் முறிந்து கிடந்த பனிக்காலம் முழுதும் சூப் கொண்டுவந்து கொடுத்தவர், அவளுக்கு இந்த ஊரில் உள்ள ஒரே சிநேகிதி. அவருடைய இங்கிலிசும் என்னுடையதும் ஒரே வகுப்பு, ஆனபடியால் நன்றாக விளங்கும். நான் வைத்த ஆட்டிறைச்சிக் கறியின் வாசத்துக்கு லிஃப்ட் எங்கள் மாடியில் தானாக நின்றது. நம் வழக்கப்படி அவரை மட்டும் மேசையில் இருத்திவிட்டு, இரண்டு பக்கமும் நின்று, இன்னும் கொஞ்சம் போடட்டோ என்று பரிமாறினோம். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு நீங்கள் சாப்பிடேல்லையோ என்று கேட்டார். விருந்தாள் முடித்த பிறகுதான் நாங்கள் என்றேன் பெருமையாக. உடனே எழும்பிக் கோட்டை மாட்டிவிட்டார். சின்னம்மாவின் முகம் செத்துப்போயிற்று, உங்கட உறைப்புத்தான் மனிசியைக் கலைச்சது என்று என்னில் பாய்ந்தாள்.

கதவடியில் நின்றுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். பதினேழு வயதில் சந்தைக்குப் போனவரை ஜேர்மன்காரர் பிடித்து லொறியில் ஏற்றி, ஒரு பண்ணையில் மாடு பார்க்க விட்டார்களாம். சட்டையில் போலந்துக்காரி என்று காட்டப் பி எழுத்துத் துணி. வீட்டார் இருக்கும் மேசையில் போலந்துக்காரர் இருந்து தின்னக்கூடாது என்று சட்டம், சுவரோரம் தனியாகத்தான் சாப்பாடு, யுத்தம் முடியும்வரை அப்படித்தான். மற்ற ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கத் தனிய இருந்தால் எனக்கு இறங்காது என்றார். நான் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன்தான், இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

விருந்தாளுக்கு முன் ஒரு பருக்கையும் தின்று அறியாத உன் சின்னம்மா, சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து, வேரோனிக்காவின் கதிரைக்கு அருகே தானும் இருந்து, தனக்கே முதலில் சோற்றைப் போட்டாள். உங்களுக்குத் தனியாச் சொல்லவேணுமோ, இருங்கோவன் என்றாள் எனக்கு. வேரோனிக்கா கோட்டைக் கழற்றினார். மூன்று பேருமாகச் சட்டியை வழித்தோம். இப்படிக் கறி போலந்திலேயே இல்லையாம், அதை மட்டும் நான்தான் சொல்கிறேன்.

சாப்பிட்ட பிறகு உன் படத்தைக் காட்டினேன். இந்தப் பிள்ளை அங்கே ஆரோட இருந்து சாப்பிடுறவள் என்று கேட்டார். நீ ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்றபடி தனியாகச் சாப்பிடுவதாக எழுதியிருந்தாய். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை, பெரிய கூட்டத்தோடு மேசையில் இருந்துதான் என்று சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். கூட வேலை செய்யும் பெட்டைகளைக் கூப்பிட்டு, இருந்து சாப்பிடு மகளே, சித்தப்பாவைப் பொய்யனாக்காதே.

மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். தொப்பி போடாமல் வெளிக்கிடாதே.

உன் சித்தப்பா
சூ. மரியரட்ணம்