காஷ்மீர் வேஷம்

திண்டிவனம், 22 ஜனவரி 1962, திங்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இந்தப் பள்ளியில் நடப்பதை இன்று முதல் எழுதி வைக்கிறேன்.

கடும் பனி. சைக்கிள் சீட் நனைந்து வேட்டியெல்லாம் ஈரம்.

குடியரசு தினத்துக்கு ‘பல மொழி, ஒரே குடும்பம்’ என்று விழாவாம். அறிவித்தவர் த.ஆ. தலைமை ஆசிரியர் என்று முழுதாக எழுத மனம் வரவில்லை. எனக்கு வர வேண்டிய நாற்காலி. நான் இன்டர்மீடியட். அவர் எட்டாவதும் டிரெயினிங்கும். ஆனால் மாமனார் ஜில்லா போர்டில் இருந்தார்.

ஐந்தாம் வகுப்பு, அதாவது என் வகுப்பு, ஆளுக்கொரு மாகாண வேஷம். பஞ்சாயத்து யூனியன் சேர்மன் வருகிறார். போட்டோ உண்டு. கடைசியில் எல்லாரும் சேர்ந்து சாப்பாடு.

“சேர்ந்துன்னா?” என்று கேட்டேன்.

“வழக்கம்போலத்தான் சார். வேப்ப மரத்தாண்ட அவங்க, இந்தாண்ட இவங்க.”

“விழா அன்னைக்குமா?”

“சோத்துல போய் இன்னாத்துக்கு சார் புதுசா வம்பு?”

வேப்ப மரத்தடி சேரிப் பிள்ளைகளுக்கு. தனி வாளி, தனிக் கரண்டி. மதிய உணவு வந்த நாளிலிருந்து இப்படித்தான். எந்த உத்தரவிலும் கிடையாது.

24 ஜனவரி, புதன்

இருமல். மிளகுக் கஷாயம்.

வேஷம் பிரித்தாயிற்று. பஞ்சாப்: தலைப்பாகை, விளக்கெண்ணெயில் குழைத்த கரியால் தாடி. வங்காளம்: என் பழைய பஞ்சகச்சம். கேரளம்: குடை மட்டும்.

அடகுக்கடை சேட் மகன் கிஷனுக்கு ராஜஸ்தான் என்றேன். அழாத குறை.

“எங்க ஊட்ல தெனம் அதான் சார் கட்றாங்க. நா தமிழ்நாடு வேஷம் போட்டுக்கினு வர்றேன் சார்.”

நியாயம்தான். சம்மதித்தேன்.

காஷ்மீர், லூர்து மேரிக்கு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மில்லில் மூட்டை தூக்கும் அந்தோணியின் மகள். வகுப்பில் முதல். கணீரென்ற குரல். ஜூனில் கன்னியர் மடத்து போர்டிங் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். இங்கிருந்து நல்ல சர்டிபிகேட் போனால் போதும், கிடைத்துவிடும். என் கம்பளிச் சால்வையை முக்காடாகப் போட்டுப் பார்த்தோம். பொருந்தியது.

“குத்துது சார்” என்றாள்.

“காஷ்மீர்னா குத்தும்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும்.

26 ஜனவரி, வெள்ளி

நல்ல வெயில். தாடிகள் எல்லாம் உருகி வழிந்தன.

சேர்மன் எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிட்டார். தேர்தல் நேரம், இன்னும் நாலு ஊர் போக வேண்டுமாம். பிள்ளைகள் கும்மி முடித்துக் கலைந்து நிற்கிறார்கள். பந்தி போட்டாக வேண்டும். த.ஆ.வுக்குக் கை கால் ஓடவில்லை.

“ஜல்தி, ஜல்தி! வேஷம் போட்டவன்லாம் முன்னால குந்து! போடாதவன் மரத்தாண்ட போ!”

அவ்வளவுதான். இத்தனை வருஷ வழக்கத்தை அவரே கவிழ்த்துவிட்டார். கரித் தாடிக்குக் கீழே எந்தத் தெரு என்று யார் கண்டார்கள்? வேஷம் கட்ட மாட்டேன் என்று அடம் பிடித்த ரைஸ் மில்காரர் பேரன் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, அந்த வாளியிலிருந்து கேசரி கேட்டுக் கேட்டுத் தின்றான்.

சேர்மன் போட்டோவுக்காகப் பாயில் உட்கார்ந்தார். பக்கத்தில் காஷ்மீர். தம் கையால் கேசரி ஊட்டினார். அவளுக்கு விக்கல் எடுத்தது. தம் டம்ளரைக் கொடுத்தார். அவள் குடித்தாள். மிச்சத்தை அவர் குடித்தார். போட்டோ எடுத்தாயிற்று.

“எந்த ஊரும்மா நீ?”

“காஷ்மீருங்க.”

ஒரே சிரிப்பு.

“நெசமா எந்த ஊரு?”

“ஏரிக்கரைக்கு அந்தாண்ட சேரிங்க. எங்கப்பா மல்லாட்டை மில்லுல மூட்டை தூக்குறாருங்க.”

சேர்மன் சிரித்த முகம் மாறவில்லை. கை மட்டும் துண்டைத் தேடியது. வாயைத் துடைத்தார், துடைத்தார், ஜீப் ஏறும் வரை துடைத்துக்கொண்டே போனார்.

இந்தப் பள்ளியில் நான் வயிறு குளிர்ந்த நாள் இது ஒன்றுதான்.

27 ஜனவரி, சனி

சாயங்காலம் அந்தோணி வந்தான். வாசலுக்கு வெளியே நின்றான். உள்ளே வா என்று சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. கையில் சர்டிபிகேட். த.ஆ. லூர்து மேரியின் பெயரைப் பள்ளியிலிருந்து நீக்கி, ‘நடத்தை: திருப்தி இல்லை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

“பொண்ணு இன்னாங்கய்யா தப்பு பண்ணிச்சி? கேட்டதுக்குத்தானே பதில் சொல்லிச்சி?”

“ஒண்ணும் பண்ணல.”

“இத்த எடுத்துக்கினு போனா சிஸ்டருங்க சேப்பாங்களாய்யா?”

பதில் தெரியும்.

சட்டையை மாட்டிக்கொண்டு நேரே த.ஆ. வீட்டுக்குப் போனேன். ஊஞ்சலில் இருந்தார்.

“வந்துட்டீங்களா? அந்த சால்வை யாருது சார்? உங்களுது. சேர்மனை அவமானப்படுத்தணும்னே செஞ்சீங்க.”

“வரிசை பிரிச்சது நீங்க.”

“உங்களுக்கு எம்மேல பழைய காய்ச்சல். அதுக்கு அந்தப் பொண்ணு ஒரு சாக்கு. போய் யாராண்ட வேணா சொல்லுங்க. உங்க பேரைப் பாத்ததுமே சிரிப்பாங்க.”

திரும்பி வந்தேன்.

28 ஜனவரி, ஞாயிறு

கடலூருக்கு, கல்வி அதிகாரிக்கு, மனு. காலையில் உட்கார்ந்தவன், பக்கம் பக்கமாக எழுதினேன். நாற்காலி, மாமனார், நிறுத்தப்பட்ட இன்கிரிமென்ட், பள்ளி ஆண்டு விழாவில் எனக்கு மட்டும் மாலை போடாதது. படித்துப் பார்த்தேன். லூர்து மேரி மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறாள்.

‘சிரிப்பாங்க’ என்று த.ஆ. சொன்னது சரி. இதைப் படித்தால் நானே சிரிப்பேன்.

என் கதை முழுவதையும் அடித்தேன். சுலபமாக இல்லை. ஒவ்வொன்றும் உண்மை. மாலை விஷயத்தை இரண்டு தரம் அடித்துத் திரும்ப எழுதினேன். கடைசியில் அதையும் அடித்தேன்.

மிச்சம் ஒரு பக்கம்: இரண்டு வரிசை, இரண்டு வாளி, வெள்ளிக்கிழமை நடந்தது, சனிக்கிழமை கொடுத்த சர்டிபிகேட்.

29 ஜனவரி, திங்கள்

மறுபடி பனி. ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். தலைவலி என்று காரணம்.

வழியில் ஸ்டூடியோ. சேர்மன் டம்ளரை நீட்டும் படம், மனுவோடு வைக்க ஒரு பிரதி வாங்கினேன். வெள்ளிக்கிழமை சேர்மன் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்குச் சனிக்கிழமை நடத்தை கெட்டது எப்படி என்று கடலூர் கேட்கட்டும். கேட்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாசஞ்சரில் விழுப்புரம். இங்கே போட்டால் திண்டிவனம் முத்திரை விழாது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கிளம்பும்போது மனைவி கேட்டாள்: “கையெழுத்துப் போடாத கடுதாசிய எந்த ஆபீசரு மதிப்பாருங்க?”

ரயிலில் வந்து சேரும்வரை அதே யோசனை. இரண்டு தரம் பேனாவைத் திறந்தேன். பயம் இல்லை. இங்கிருந்து எந்தக் காட்டுக்கு மாற்றினாலும் போவேன். ஆனால் என் பெயரைப் போட்டால் த.ஆ.வோடு எனக்குள்ள பழைய தகராறு பைலை எடுப்பார்கள். அதைப் புரட்டி முடிப்பதற்குள் ஜூன் வந்துவிடும்.

உறையை ஒட்டிவிட்டேன். கையெழுத்து இல்லை. பெட்டியில் போடப் போகிறேன்.