சனிக்கிழமை அம்மா

பைன் ஃபோர்க், கென்டக்கி
செப்டம்பர் 6, 1988

வெர்னாவுக்கு,

நீ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது என் அக்கா ஓப்பல் சொல்லித்தான் தெரியும். நிலக்கரி ஏற்றுகிற இடத்தில் மற்ற டிரைவர்கள் என் லாரியைச் சுற்றி நின்று கேட்கிறார்கள்: "ஏம்பா லெஸ்டர், முதியோர் இல்லத்துல மூத்திரச் சட்டி கழுவினவ, சமுதாயக் கல்லூரியில சேர்ந்து டாக்டராகப் போறாளாமே?" நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய?

அங்கே இரண்டு வருஷம், பெரிய யூனிவர்சிட்டியில் இரண்டு வருஷம், அதற்கப்புறம்தான் மருத்துவக் கல்லூரி. அதுவும் அவர்கள் இடம் கொடுத்தால். நீ ஸ்டெதஸ்கோப் மாட்டுவதற்குள் நம் மகள் மிஸ்டிக்குக் கல்யாணமே ஆகிவிடும். ஆறு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக எப்படி மனசு வந்தது?

லெஸ்டர்

*

செப்டம்பர் 14, 1988

அன்புள்ள லெஸ்டர்,

நான் போன் செய்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் ஓப்பலிடம் பேசினேன், அதனால்தான் இந்தக் கடிதமும்.

கணக்கு வகுப்பில் டீச்சருக்கே என்னைவிட வயது குறைவு. சிரித்துக்கொள். எத்தனையோ வருஷம் மற்றவர்கள் உடம்பைக் குளிப்பாட்டினேன். உள்ளே என்ன நடக்கிறது என்று யாராவது சொல்லித் தரமாட்டார்களா என்று இருந்தது. அவ்வளவுதான்.

மிஸ்டியை விட்டுவிட்டு வரவில்லை. அவளுக்கும் சேர்த்து ஒரு அறை தேடிக்கொண்டிருக்கிறேன். நீயும் வரலாம். லாரி இங்கேயும் ஓடுகிறது.

உன் வெர்னா

*

நவம்பர் 10, 1988

என் கண்ணே வெர்னா,

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. மான் வேட்டைக்கு எல்லாரும் கிளம்புகிறார்கள். எனக்குத் துப்பாக்கியைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. அவரைக்கொட்டையும் சோள ரொட்டியும் நானே செய்தேன். மிஸ்டி வாயில் வைத்துவிட்டு, "அம்மா செய்றது மாதிரி இல்ல" என்றாள்.

உன் நாளெல்லாம் எப்படிப் போகிறது? தனியாக என்ன பாடு படுகிறாய்? ஒன்றையும் மறைக்காமல் எழுது. புருஷனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வாய்?

என்றும் உன் லெஸ்டர்

*

நவம்பர் 21, 1988

என் லெஸ்டருக்கு,

உன் கடிதத்தை பஸ் நிறுத்தத்தில் நின்று படித்தேன். அழுததில் ஒரு பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை, அப்புறம் வகுப்பு, அப்புறம் நூலகம். இன்னும் அறை கிடைக்கவில்லை. ஒரு தோழி வீட்டு சோபாவில்தான் படுக்கிறேன்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். மிஸ்டியின் பிறந்த நாளன்று எனக்கு வேதியியல் பரீட்சை. மறுநாள் பல் தேய்க்கும்போதுதான் நினைவு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சில நாள் அவள் ஞாபகமே வராமல் படிக்கிறேன் லெஸ்டர். அந்த நேரத்தில் சந்தோஷமாகக்கூட இருக்கிறேன். இப்படியும் ஒரு தாய் இருப்பாளா?

வேதியியலில் முதல் மதிப்பெண் எனக்குத்தான். உன்னிடம் சொல்லவேண்டும் போல இருந்தது.

முத்தங்களுடன்,
வெர்னா

*

மார்ச் 3, 1989

வெர்னா,

கோர்ட்டில் உன் முகத்தை நீயே பார்த்திருக்க வேண்டும். "சந்தோஷமாகக்கூட இருக்கிறேன்" என்ற வரியை என் வக்கீல் இரண்டு தடவை வாசித்தார். இரண்டாவது தடவை நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டார், கவனித்தாயா? அப்படி ஒரு வரி கிடைக்கத்தான் உன்னைக் கண்ணே என்று கூப்பிட்டேன். அதுகூட வக்கீல் சொல்லிக் கொடுத்ததுதான்.

வழக்கு முடியும்வரை பிள்ளை என்னோடு. உனக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை, பத்து மணியிலிருந்து நாலு மணிவரை. நேற்று ஓப்பல் தலை வாரும்போது மிஸ்டி கேட்கிறாள்: "சனிக்கிழமை அம்மா எப்ப வருவாங்க?" சிரித்து மாளவில்லை.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. மே மாதத்துக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடு, வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முதியோர் இல்லத்தில் உன் பழைய வேலை காலியாகத்தான் இருக்கிறதாம்.

லெஸ்டர்

*

மே 8, 1989

லெஸ்டர்,

இரண்டு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் எழுதிக் கிழித்தேன். ஒரு தடவை பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அடுத்த பருவத்துக்குப் பெயர் கொடுத்தேன். உடற்கூறியல் வகுப்பில் இடம் கிடைத்தது. நான் வரவில்லை. இதையும் உன் வக்கீலிடம் கொடு. தேதி தெளிவாகத்தான் போட்டிருக்கிறேன்.

நீ சொல்ல வேண்டியதில்லை, மிஸ்டியிடம் நானே சொல்லிவிட்டேன். சனிக்கிழமை, பர்கர் கடையில்.

"அப்ப வீட்டுக்கு வரவே மாட்டியா?" என்றாள்.

"இப்ப வர முடியாதுடா கண்ணு."

"நான் அழுதாகூடவா?"

"அழுதாகூட."

அவள் அழவில்லை. உருளைக்கிழங்கு வறுவல் தட்டை என் பக்கம் தள்ளினாள். "எனக்கு வேணாம். அப்பாகிட்ட கொண்டுபோய் விடு" என்றாள்.

பன்னிரண்டு மணிகூட ஆகியிருக்கவில்லை. கொண்டுவந்து விட்டேன்.

வெர்னா