தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள்

மார்ச் 14, 1996. இரத்தினபுரி.

மேற்கு ஜன்னலில் அடிக்கும் வெயிலால் பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பகல் முழுக்க ஃபேன் போட்டால் கரண்ட் பில் கட்டி மாளாது. அதனால் என் வீட்டுக்காரர் இன்று, வேலை செய்யும் கடையில் கிடந்த பழைய தேயிலைப் பெட்டிகளின் உள்ளே ஒட்டியிருந்த பளபளப்பான ஈயத்தாளை உரித்து வந்தார். வெயில் உள்ளே வராதபடி இருவருமாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினோம். தாளில் இன்னும் தேயிலை வாசம். என் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"அப்பா தேயிலை பெக்டரியில இருந்து வந்தா சட்டையில இந்த வாசம்தாங்க அடிக்கும்."

அப்பா இறந்தபிறகு அம்மா தோட்டத்து லய வீட்டில் தனியாக இருக்கிறாள். எத்தனை முறை கூப்பிட்டும் இங்கே வரவில்லை.

அவர் தாளின் ஓரத்தை அழுத்தி ஒட்டினார். பிறகு, "இந்த வாசம் போறதுக்குள்ள அத்தையக் கூட்டிட்டு வாறேன்," என்றார்.

ஃபேன் இல்லாமலே பிள்ளை அசந்து தூங்குகிறது. அம்மாவுக்கு எங்கே பாய் விரிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.