ஐஸ் மேசைக்குப் போட்ட பாடு

அக்கா,

வேலை முடிந்து வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தும் கையிலிருந்து பிளீச்சிங் தண்ணி வாடை போகவில்லை. தினமும் இருக்கிற வாடைதான். இன்றைக்கு அதை மோந்ததும் உன் நினைப்புதான் வந்தது. இறால் கம்பெனியில் நீ வைத்த பாடு முறையை இன்று நான் உடைத்துவிட்டேன்.

நீ கோட்டைக்குப்பத்துக்காரி. நான் பழவேற்காட்டு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற வீட்டுப் பெண். கம்பெனி வேனில் பக்கத்தில் உட்கார்ந்துதான் நமக்குப் பழக்கம். உங்கள் ஊர் ஆம்பளைகளுக்கு ஏரியில் பாடு உண்டு. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். பொம்பளைகளுக்கு அது கிடையாது, எங்கள் சனத்துக்கும் கிடையாது. கம்பெனியிலோ ஐஸ் மேசை என்றாலே எல்லாருக்கும் நடுக்கம். நாள் பூரா ஐஸுக்குள் கையை விட்டு இறாலை அள்ளினால் விரல் யாருடையதோ மாதிரி ஆகிவிடும். சூப்பர்வைசருக்கு யார் மேல் கடுப்போ, அவளைத்தான் அங்கே நிறுத்துவார்.

"ஏரியில குடுக்காத பாட்ட இங்க நாமளே போட்டுக்குவோம்டி" என்று கிளம்பினாய். ஐஸ் மேசையில் நாளுக்கு ஒருத்தி என்று சீட்டுப் போட்டு முறை வைத்தாய். "என்னையும் சேத்தா?" என்று கேட்டேன். "இன்னாடி கேள்வி? உனுக்கு மட்டும் கை மரத்துப் போவாதா?" என்று திட்டினாய். என் பேரை எழுதிய சீட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பழவேற்காடு நூலகத்தில் படித்த ஒரு மந்திரி கதையை வேனில் ஓயாமல் சொல்வாய். இருநூறு வருஷத்துக்கும் முந்தி, ஐரோப்பாவில் ஏதோ ராஜாவிடம் இருந்தவராம். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களுக்கு வைத்தியர் வைத்தாராம். நோவு வந்து படுத்தால் பாதிக் கூலி, திரும்பி வந்தால் அதே இடம். ராஜா செத்ததும் மந்திரியை விரட்டிவிட்டார்கள், வைத்தியரும் போய்விட்டார். "மேல இருந்து குடுத்தது, அவரோட போச்சு. பாடு அப்டி போவாது, நாம போட்டதாச்சே" என்பாய். ஒருநாள் மட்டும் யோசனையாகச் சொன்னாய்: "ஆனா நம்ம பாட்டுல நோவுக்கு இடமே இல்லடி. அத அவர்கிட்டருந்து எடுத்துச் சேக்கணும்."

நீ சேர்க்கவில்லை. அதற்குள் உனக்கே காய்ச்சல் வந்தது, முறையும் உன்னுடையதாக வந்தது. "நவுருக்கா, நான் நிக்கிறேன்" என்று கெஞ்சினேன். "ஒருத்திக்கு வுட்டா சூப்பர்வைசர் எல்லாத்தையும் கலைச்சுடுவான். பாடுன்னா பாடுதான்" என்று ஐஸில் கையை விட்டாய். நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவே இல்லை.

இன்று தோணிரேவிலிருந்து வரும் ஒரு பெண்ணின் முறை. வேனிலேயே உடம்பு அனலாகக் கொதித்தது. போகாதே என்றேன். உன்னைச் சொல்லி, "அந்த அக்கா காய்ச்சலோட நின்னாங்களே, நான் நிக்க மாட்டனா?" என்றாள். கையைப் பிடித்து இழுத்து அவளை வெளியே அனுப்பிவிட்டு அந்த மேசையில் நான் நின்றேன்.

"அக்கா வெச்ச பாட்ட உடைக்க நீ யாரு?" என்று எல்லாரும் என் மேல் பாய்ந்தார்கள். சூப்பர்வைசர் சிரித்தார். "நீங்களே மீறிட்டீங்க. இனிமே யார் எங்க நிக்கணும்னு நான் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான், அக்கா. போகாது என்று சொன்னாயே, ஒரு காலைப் பொழுதில் போய்விட்டது. வேனில் ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நாளைக்கும் ஐஸ் மேசை எனக்குத்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான் இருக்கும்.

எதை நம்புவது என்றே எனக்கு இப்போது தெரியவில்லை. எனக்கு மிஞ்சியது உன் மேல் இருக்கிற இந்தக் கோபம் ஒன்றுதான். பாட்டை உடைத்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். அன்றைக்கு நீ நகர்ந்திருக்கணும், அக்கா.