படியோரத்து எறும்புகள்

மார்ச் 4

நோட்டே, இந்த நேரத்தில் உன்னைத் திறப்பதற்கு மன்னித்துக்கொள். இப்போதுதான் தூங்கினாள். பதினொரு மாதக் குழந்தைக்கு இவ்வளவு பேச்சு எங்கிருந்து வருகிறது?

குழாயில் இனி இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். அதனால் பின்பக்கத்து மண்ணுக்கு இன்று மூடாக்கு போட்டேன். தெருவில் கூட்டிக் குவித்திருந்த சருகு, ஆறு சாக்கு. ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பிவிட்டால் ஈரம் வெயிலில் பறக்காது. மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"ஊரெல்லாம் குப்பைய வெளிய கொட்டுது, நீ உள்ள அள்ளிட்டு வர்றியேம்மா!"

"குப்பை இல்லக்கா, மண்ணுக்குப் போர்வை."

"அப்ப தலகாணியும் வச்சிடு!"

ஒன்று மட்டும் முடிவு. இந்த மண்ணில் எந்தப் பூச்சிமருந்தும் விழாது. குழந்தையின் கைக்குக் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகிறது.

மார்ச் 9

கத்தரிச் செடிகளுக்கு நடுவே கழுத்து வரை புதைத்த மண்பானையில் முந்தாநாள் ஊற்றியது இன்னும் பாதி இருக்கிறது. செடி வாடவில்லை. காய்கறி கழுவிய தண்ணீரே போதும் போல!

மார்ச் 15

பின்வாசல் படியோரச் சருகில் சிவப்பு எறும்பு. குழந்தையின் வலது பாதம் வீங்கிவிட்டது. வேலையிலிருந்து வந்த இவள் அப்பா அதைப் பார்த்தார். "உனக்குத் தோட்டமா, புள்ளையா? ஒண்ண சொல்லு."

"ரெண்டு எறும்பு கடிச்சா என்ன இப்போ? நீங்க கடிபடாமலா வளந்தீங்க?" நானும் விட்டுவைக்கவில்லை.

சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்குப் பயம் இல்லையா? மூன்று முறை எழுந்து டார்ச் அடித்து அந்தப் பாதத்தைப் பார்த்தேன். அதை ஏன் அவரிடம் சொல்லவில்லை?

மார்ச் 18

எறும்பு ஒன்றுகூட இல்லை! "பாத்தீங்களா, மண்ணு தன்னால சரி பண்ணிக்கும்" என்று பீற்றிக்கொண்டேன். "ம்" என்றார். இன்னும் கோபம் போல.

மார்ச் 20

மதியம் துணி காயப்போட்டுத் திரும்பினால், படியோரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், வாய் நிறைய மண். எப்போதும் போலத் துடைத்துவிட்டேன் — சிரித்துக்கொண்டே. ஒரு மணி நேரத்தில் வாந்தி. மறுபடியும். அவரை ஃபோனில் கூப்பிட்டுவிட்டு, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவரும் நேரே அங்கே வந்துவிட்டார்.

"தோட்டத்துல மருந்து ஏதாவது போட்டிருக்கீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு சிட்டிகை கூட இல்ல டாக்டர்." எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்!

பின்னாலிருந்து அவர் குரல். "போட்டேன் டாக்டர். எறும்புப் பொடி. மூணு நாளாச்சு. இவளுக்குத் தெரியாது."

"பாக்கெட் இருக்கா?"

எடுத்துவர வீட்டுக்கு ஓடினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 21

வீட்டுக்கு வந்துவிட்டோம். நேற்றையதையும் இப்போதுதான் எழுதினேன். ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். பால் குடித்தாள், மறுபடி பேச்சு ஆரம்பம். "என்ன பொடின்னு உடனே தெரிஞ்சதால நல்லதாப் போச்சு" என்றார் டாக்டரம்மா.

அவர் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு, படியோரத்து மண்ணை ஒரு அடி ஆழத்துக்கு வெட்டிச் சாக்கில் கட்டினார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன்தான். ஆனா சொல்லியிருந்தா அவளை அங்க உக்கார விட்டிருப்பேனா? நெனச்சா பத்திக்கிட்டு வருது. அப்புறம் — அந்த அறையில் அவர் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். நிற்கவில்லையே.

மார்ச் 24

இந்தப் பக்கம் உங்களுக்கு.

விடியும் முன்னே கிளம்பிவிடுகிறீர்கள். வந்தாலும் இருவரும் பேச்சை மென்று விழுங்குகிறோம். அதனால் நோட்டை உங்கள் சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன். முன்பக்கங்களையும் படியுங்கள், திட்டியிருப்பது உட்பட. பதினைந்தாம் தேதியை மட்டும் இரண்டு தடவை.

வெட்டின இடத்தில் செங்கல் பரப்பலாமா? சிமெண்ட் வேண்டாம், இடுக்கில் மணல் போட்டால் மழைத் தண்ணீர் இறங்கும், எறும்பு வந்தாலும் கண்ணில் படும். சருகு செடிகளோடு மட்டும் இருக்கட்டும். வெட்டின மண் இருக்கும் அந்தச் சாக்கை யாரிடம் ஒப்படைப்பது? எனக்குத் தெரியவில்லை. சாக்கடையில் மட்டும் கொட்டிவிட வேண்டாம்.

உங்களைக் கேட்காமல் இனி ஒரு சாக்குச் சருகு உள்ளே வராது. என்னைக் கேட்காமல் நீங்களும் எதுவும் போடாதீர்கள்.

கீழே பாதிப் பக்கம் விட்டிருக்கிறேன். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.